தார்ன் பள்ளத்தாக்கில் கட்டுச்சோறு

ஜூன் 12, வியாழன். துலூஸ்

தலைச்சன் பிரசவத்தைப் பெண்ணைப் பெற்றவள்தான் பார்க்க வேண்டும். இது நான் போட்ட சட்டமில்லை. என் மாமியார் என் மகன் கிருபாகரனுக்குப் பெயர் வைக்கிற அன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தார், அதுவும் வளையல் கொண்டுவர மறந்துவிட்டார். ஆனால் என் சம்பந்திக்கு விசா கிடைக்கவில்லையாம். அதனால் கோபிசெட்டிபாளையத்தில் மாட்டையும் வீட்டையும் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு நான் வந்து நிற்கிறேன். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய வேண்டும்?

வந்து பத்து நாளாகிறது. மருமகள் சங்கவி பேசுவதே இல்லை. எது கேட்டாலும் "சரிங்க அத்தை". வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிறவள் போல. வெயில் கொளுத்துகிறது, முழங்கைக்குக் கீழே வரை சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாள். கேட்டால் பழக்கமாம்.

இன்று கிருபா லீவு போட்டுவிட்டு வந்து சொல்கிறான், நாளை மறுநாள் மூன்று பேரும் ஊர் சுற்றப் போகிறோமாம். பழைய காலத்துக் கல் ஊர்கள், அப்புறம் தார்ன் என்று ஒரு ஆறு, மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறதாம். ஏழாம் மாதத்தில் ஆறு தாண்டக் கூடாது, மலை ஏறக் கூடாது என்று ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். சொன்னேன்.

"அம்மா, அதெல்லாம் பரிசல்ல ஆறு தாண்டுன காலத்துப் பேச்சு. இங்க பாலம் இருக்குது" என்றான்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள்.

ஜூன் 13, வெள்ளி

பெட்டி கட்டினேன். ஊரிலிருந்து கொண்டு வந்த புளிக்காய்ச்சல், மிளகாய்ப்பொடி, கொஞ்சம் அரிசி, சின்னக் குக்கர். அங்கே போய் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

ஜூன் 14, சனி. கோர்த்

மலை உச்சியில் ஒரு ஊர். எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முன்னால் கட்டியதாம். தெருவெல்லாம் உருண்டைக் கல். வீட்டு முகப்பில் கல்லில் வேட்டைக்காரனையும் நாயையும் பன்றியையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வேலைப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடியிருக்க ஆளைக் காணோம். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதியில் சோப்பு விற்கிறார்கள்.

கிருபா காமிராவோடு முன்னால் போய்விட்டான். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாகப் படிப்படியாக வந்தாள். இவளுக்காக நானும் நின்று நின்று வந்ததில் கால் முட்டி கழன்றுவிட்டது. செருப்பை ஒழுங்காகப் பார்த்துப் போட்டு வந்திருக்கலாமில்லையா? திட்டினேன். "சரிங்க அத்தை."

கோட்டை வாசலில் படம் எடுக்க அவளை நிற்கச் சொன்னான். பிறகு பார்த்துவிட்டு, "நீ தள்ளி நில்லு, படத்தையே கெடுக்கறே" என்றான். வயிற்றுப் பிள்ளைக்குக் கண்ணேறு படக் கூடாதென்று சொல்லியிருப்பான்.

அவளுடைய போனை அவனேதான் வைத்துக்கொள்கிறான். போனில் கதிர் வருகிறதாம், பிள்ளைக்கு ஆகாதாம். எவ்வளவு பொறுப்பு பாருங்கள். இதுவெல்லாம் யார் கண்ணுக்குத் தெரிகிறது?

ஜூன் 15, ஞாயிறு

மழை. பக்கத்து அறையில் சத்தம். எனக்கென்ன, நான் இருபத்தாறு வருடம் பழகிய செவிடு.

ஜூன் 16, திங்கள். சேந்த் எனிமி

காலையில் மியோ என்ற ஊரைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் பாறை நட்டுக்குத்தலாக நிற்கிறது. மேலே பார்த்தால் கழுத்து வலிக்கும், கீழே பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அடியில் பச்சை நிறத்தில் ஆறு. சாலையைப் பாறையைக் குடைந்து போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் கிருபா வேகத்தைக் குறைக்காமல் திருப்பினான். சங்கவி கதவின் மேல் பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "மெல்லப் போங்க" என்று ஒரு தரம் சொன்னாள். அதற்கு அவன் இன்னும் அழுத்தினான். ஆண்பிள்ளைக்கு வண்டி ஓட்ட யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது, அது இவளுக்குத் தெரிய வேண்டும். பாலம் வந்தபோதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு அங்காளம்மனைக் கூப்பிட்டேன்.

வழியில் ஒரு ஊர். வீடுகளுக்குப் பின் சுவரே கிடையாது, மலைப்பாறைதான் பின் சுவர். முன்னால் மட்டும் கல் அடுக்கி வாசல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறை ஒரு நாள் பெருமூச்சு விட்டால் போதும். எந்தத் தைரியத்தில் இத்தனை தலைமுறை அதன் கீழே படுத்துத் தூங்கினார்களோ.

தங்குகிற வீட்டுக்காரி பெயர் மார்த். என் வயதுதான் இருக்கும், ஒண்டிக்கட்டை, கால்சட்டை போட்டுக்கொண்டு அவளே விறகு பிளக்கிறாள். கிருபா இங்கிலீஷில் என்னவோ கேட்டான், அவளுக்குப் புரியவில்லை. சங்கவி பிரெஞ்சில் பேசினாள். எங்கே கற்றாள் என்று தெரியவில்லை, கடகடவென்று பேசுகிறாள். மார்த் என்னவோ சொல்ல, இவள் சிரித்தாள். வந்த நாளிலிருந்து இவள் சிரித்து நான் கேட்டதில்லை.

"ரொம்பப் பீத்திக்காதே" என்றான் கிருபா, தமிழில், முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே. சிரிப்பு நின்றுவிட்டது.

ராத்திரி அவன் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தான். அவன் சாப்பிடாததால் அவளும் சாப்பிடவில்லை. மரியாதை தெரிந்த பெண்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயிற்றில் இருப்பது என்ன பாவம் செய்தது? ஒரு கிண்ணத்தில் தயிர்ச்சோறு பிசைந்து கொண்டுபோய் மாடிப்படியில் வைத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே நாலு வாயில் முடித்துவிட்டாள். அப்படித் தின்கிறவளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உட்கார்ந்து தின்ன வேண்டியதுதானே, யார் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள்?

ஜூன் 17, செவ்வாய்

காலையில் துணி துவைத்தேன். கிருபா மேலே மலையிலிருந்து பள்ளத்தாக்கைப் படம் எடுக்கப் போய்விட்டான். மார்த் எங்களை ஊருக்குள் ஒரு ஊற்றுக்குக் கூட்டிப் போனாள். தண்ணீர் ஐஸ்தான். அதற்கொரு கதை சொன்னாள், சங்கவி எனக்குத் தமிழில் சொன்னாள்.

எனிமி என்று ஒரு ராஜகுமாரியாம். கல்யாணம் வேண்டாம் என்று சாமியிடம் அழுதாளாம். சாமி குஷ்டத்தைக் கொடுத்ததாம். மாப்பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். இந்த ஊற்றில் குளித்ததும் உடம்பு சுத்தமானது. ஊருக்குத் திரும்பினால் வியாதியும் திரும்பி வருகிறது. கடைசியில் இங்கேயே தங்கிவிட்டாளாம்.

"வியாதியக் கேட்டு வாங்குனவளக் கும்புடறாங்களா? நல்ல ஊரு" என்றேன்.

"அவளுக்கு வேற வழி இல்லீங்க அத்தை" என்றாள் சங்கவி. சரிங்க அத்தை என்பதைத் தவிர, தன் சொந்த வாயால் அவள் என்னிடம் சொன்ன முதல் கருத்து இதுதான்.

எதிர்த்துப் பேசிவிட்டாளே என்ற ஆத்திரத்தில் மத்தியானம் என் போனில் தாராபுரத்துக்குப் போட்டேன். சம்பந்தி ருக்குமணியை நாலு கேள்வி கேட்டால்தான் மனசு ஆறும் போலிருந்தது. பொண்ணைப் பெத்தவங்க நோவாம உக்காந்துட்டீங்க, நான் இங்க கல்லும் முள்ளும் மிதிச்சுட்டுத் திரியறேன் என்று தொடங்கினேன்.

"ஏனுங் சம்பந்தி இப்புடிச் சொல்றீங்க? நாங்க எங்கீங்க விசாவுக்குப் போட்டோம்? மாப்பிள்ளை அழைப்புக் கடுதாசி அனுப்பறேன் அனுப்பறேன்னாரு, வரவே இல்லீங்க. பாப்பா குரலக் கேட்டு ரெண்டு மாசமாச்சுங்க. நல்லா இருக்கறாளா?"

பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அழுதாள். பொய் சொல்கிறவர்களும் அழுவார்கள். இருந்தாலும் சாயங்காலம் கிருபா வந்ததும் கேட்டேன்.

அவன் மறுக்கவே இல்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அவங்க வந்தா எதையாவது பாத்துப்போட்டு ஊரெல்லாம் டமாரம் அடிப்பாங்கம்மா. புருசன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். நீதான் சரி. அப்பா அத்தன பண்ணியும் நீ ஒரு ஆளுகிட்ட வாய் தொறந்ததில்லையே."

பாராட்டாகத்தான் சொன்னான். என் தோளைத் தட்டிக்கூட கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஒரு கூடை வெங்காயம் உரித்தேன். எதற்கு இத்தனை என்று மார்த் சைகையில் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. என் உடம்பெல்லாம் எரிகிறது. பிரசவம் பார்க்கக் கூப்பிட்டான் என்று வந்தேன். இவன் என் கையைக் கூப்பிடவில்லை, என் திறக்காத வாயைக் கூப்பிட்டிருக்கிறான்.

ஜூன் 18, புதன்

நிதானமாக எழுத வேண்டும். முடியுமா பார்க்கிறேன்.

லா மலேன் என்ற ஊரில் படகுத்துறை. தட்டையான மரப்படகில் நாலைந்து பேரை உட்கார வைத்துப் பாறை இடுக்கு வழியாகக் கூட்டிப் போகிறார்கள். கிருபா மூன்று டிக்கெட் வாங்கி வந்தான். நான் ஏழாம் மாதம் என்று மறுபடி தொடங்கினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏறு" என்றான் அவளிடம்.

"நான் வரல" என்றாள் சங்கவி. மெல்லத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள்.

துறையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவளுடைய மேல்கையைப் பிடித்து இழுத்தான். அவள் கத்தவில்லை, கால் சறுக்கி ஒரு முட்டியில் விழுந்தாள். படகுக்காரர் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து கிருபாவுக்கு முன்னால் நின்று என்னவோ சொன்னார். சத்தம் போடவில்லை. கிருபாவின் முகம் சிவந்துவிட்டது. நேராகக் காருக்குப் போனான், கதவைச் சாத்தினான், போய்விட்டான். ஆற்றங்கரையில் வயிற்றுப் பிள்ளைக்காரியையும் பெற்றவளையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவளுடைய போன் அவனிடம். என்னுடையதில் அந்தப் பள்ளத்துக்குள் சிக்னல் கிடையாது.

தண்ணீர் ஓரமாக உட்கார வைத்து முட்டியைக் கழுவினேன். அப்புறம், அவளைக் கேட்காமலே, சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தேன். இன்று பிடித்த தடம் சிவப்பாக இருந்தது. அதன் கீழே பழையது, மஞ்சளும் பச்சையுமாக. அதற்கும் பழையது அதற்குக் கீழே. எது எத்தனை நாள் ஆனது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிறங்களெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"எப்பத்திலிருந்து?"

"கல்யாணம் ஆன புதுசுல இல்லீங்க. இங்க வந்தப்புறம்."

"வயித்துலயும் கை வெச்சானா?"

அவள் கை வயிற்றுக்குப் போனது. ஆற்றைப் பார்த்தாள். நான் அவளைச் செருப்புக்காகத் திட்டியிருக்கிறேன், சட்டைக்காகத் திட்டியிருக்கிறேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. தூ.

மலை உச்சியில் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமடித்தன. அத்தனை அழகான இடம். சுற்றிலும் மனிதர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கல்லைத் தூக்கி எதன் மேலாவது போட வேண்டும் போலிருந்தது.

"தாராபுரம் போலாமா?" என்றேன்.

"நீங்க அவரப் பெத்தவங்க அத்தை."

"அது எனக்குத் தெரியாதா? கேட்டதுக்குப் பதில் சொல்லு. போலாமா, வேண்டாமா? உனக்கு இங்கயே இருக்கோணும்னாலும் சொல்லு, நானும் இருக்கறேன்."

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "போலாங்க" என்றாள்.

படகுக்காரர் தன் வண்டியில் எங்களை மார்த் வீட்டில் கொண்டுவந்து விட்டார். சங்கவியே மார்த்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். மார்த் அவளை இங்கே ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, விமானத்தில் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். தாராபுரத்துக்கு நான் பேசினேன். சங்கவியின் அண்ணன் துபாயில் இருக்கிறான், டிக்கெட் போடுகிறேன் என்றான்.

இருட்டுகிற நேரத்துக்குக் கிருபா வந்தான். கையில் பெரிய சாக்லேட் பெட்டி. அவன் அப்பா உயிரோடு இருந்தவரை வாங்கி வந்தது ஜிலேபி.

ஜூன் 19, வியாழன்

விடிந்ததும் மார்த்தின் சமையலறைக்குள் நுழைந்தேன். எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் பெண்ணின் தாய் வீட்டார் கட்டுச்சோறு கொண்டு வருவார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று வகை வகையாகக் கட்டி வந்து, மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று சொன்ன மாப்பிள்ளை வீடு கொங்கு நாட்டில் கிடையாது.

புளிக்காய்ச்சல் என்னிடம் இருந்தது. எலுமிச்சை மார்த் கொடுத்தாள். கடுகும் தேங்காயும் தேடி அவளே கடைக்கு ஓடினாள். தேங்காய் கிடைக்கவில்லை, தேங்காய்த்தூள்தான். தயிர் சின்னச் சின்னக் கிண்ணத்தில் வருகிறது, அதில் எட்டைக் கவிழ்த்தேன். கிருபா குளிக்கப் போனபோது அவன் தோள்பையைத் திறந்து என் பாஸ்போர்ட்டையும் அவளுடையதையும் அவளுடைய போனையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். நன்றாகச் சாப்பிட்டான். எதற்கென்று கேட்கவில்லை.

"புளிச்சோறு நம்மூட்டுல பண்ணுன மாதிரியே இருக்குதும்மா."

"கட்டுச்சோறு சாப்புட்டுட்ட. இனி பொண்ண அனுப்பி வெக்கோணும்" என்றேன்.

"எங்க?"

"அவியம்மா ஊட்டுக்கு."

சிரித்தான். "கட்டுச்சோறு கொண்டாரது பொண்ணு ஊட்டுக்காரங்கம்மா. நீ மாப்பிள்ளைக்கு அம்மா."

"பொண்ணு ஊட்டுக்காரங்கள வர உடாமப் பண்ணிப்போட்டே. அப்ப அதையும் நான்தானே பாக்கோணும்? பாத்துட்டேன். கார் வாசல்ல நிக்குது. மார்த் கொண்டு போயி ரயிலேத்தி உடறா."

"பாஸ்போர்ட் என்ற கிட்ட இருக்குது."

"இருந்துச்சு."

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. கை ஓங்கினது என் மேலா அவள் மேலா என்று தெரியவில்லை. நடுவில் நான் நின்றேன். பெற்ற அன்றைக்கு அந்தக் கையை விரல் விரலாக எண்ணிப் பார்த்தவள் நான். மார்த் வாசலில் போனோடு நின்று என்னவோ கேட்டாள்.

"போலீசுக்குப் போடட்டுமான்னு கேக்கறாங்க அத்தை" என்றாள் சங்கவி. என் முதுகுக்குப் பின்னாலிருந்து, தெளிவாகச் சொன்னாள்.

"இன்னொரு அடி முன்னால வெச்சா போடச் சொல்லு."

கை இறங்கியது. உட்கார்ந்தான். பிறகு அழுதான். தெரியாமப் பண்ணிட்டேன், வேலையில நெருக்கடி, இனி இல்லம்மா, உன் மேல சத்தியம். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அவன் அப்பாவும் அழுவார். இதே மாதிரி, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு. அழுது முடித்து எத்தனை நாளில் மறுபடி தொடங்கும் என்று நான் படித்து முடித்தவள்.

நான் அவன் தலையைத் தொடவில்லை. எழுதுகிறபோதும் கை அதற்குத்தான் போகிறது. தொடவில்லை.

ஜூன் 20, வெள்ளி. பாரிஸ் போகிற ரயில்

நேற்றிரவு மோன்பெலியே ஊரில் மார்த்தின் தங்கை வீட்டில் படுத்தோம். இப்போது ரயில். சங்கவி ஜன்னலோரம் உட்கார்ந்து மிச்ச எலுமிச்சைச்சோற்றைச் சாப்பிடுகிறாள். நிதானமாக, உட்கார்ந்து, மென்று. இன்று அரைக்கைச் சட்டை. எதிரில் இருந்த கிழவி அந்தக் கையைப் பார்த்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்தாள். நான்தான் செய்தேன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

கிருபா போன் செய்தான். முதலில் கெஞ்சினான், அப்புறம் அதட்டினான். கடைசியில், "ஊர்ல கேட்டா என்னம்மா சொல்லுவ? என்ற மானம் மட்டுமா போகும்? அப்பா மானம், உன்ற மானம், எல்லாம் சேந்துதான் போகும்" என்றான்.

போனை வைத்துவிட்டேன். யார் மானத்தை யார் தலையில் வைக்கிறான் பாருங்கள். இவனுக்கும் இவன் அப்பனுக்கும் சேர்த்து இத்தனை வருடம் நான் பாரம் சுமந்திருக்கிறேன். இனி முடியாது.

சம்பந்திக்கு முழுவதும் சொல்லிவிட்டேன். கிருபாவின் பெரியப்பாவுக்குச் சொன்னேன். "ஊட்டு விசயத்த எதுக்கும்மா வெளிய பேசறே" என்றார். ஊருக்கு வந்ததும் இன்னும் சத்தமாகப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

அடுத்து என் அண்ணனுக்குப் போட வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் சீர்த்தட்டோடு வந்து, நல்லா இருக்கறியா என்று கேட்டு, நான் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் போனவன். அவனுக்கு எதிலிருந்து தொடங்குவது என்று சங்கவியைக் கேட்டேன். படகுத்துறையிலிருந்தா, விசாவிலிருந்தா?

"உங்க கல்யாணத்துல இருந்து சொல்லுங்க அத்தை" என்றாள்.

மணி அடிக்கிறது. எடுத்துவிட்டான்.